திருத்தி வரும் கட்டுரையைப் பார்த்து வகுப்பைத் தேர்ந்தெடுங்கள்

கேள்வி: அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகருக்கு அருகே வசிக்கிறோம். மகளுக்கு 14 வயது. ஆறாம் வகுப்பிலிருந்து வீட்டிலேயே படிக்கிறாள். நானும் கணவரும் பொறியியல் படித்தவர்கள் என்பதால் கணிதம், அறிவியல் இரண்டையும் நாங்களே சொல்லிக்கொடுக்கிறோம். வரும் ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்பு தொடங்குகிறது. ஆங்கில இலக்கியத்துக்கும் கட்டுரை எழுதுவதற்கும் இணையவழி வகுப்பில் சேர்க்க நினைக்கிறோம். மகள் வாரத்துக்கு இரண்டு நாவல் வாசிப்பாள். எழுதச் சொன்னால் ஒரு பத்தியோடு நின்றுவிடுவாள். எந்த வகுப்பைப் பார்த்தாலும் நல்லதாகவே தெரிகிறது. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? பள்ளி நாளிலேயே கல்லூரித் தரப் பாடம் படித்துத் தேர்வெழுதும் ஏபி (Advanced Placement) வகுப்பில் இப்போதே சேர்த்துவிடலாமா?
— ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வாரத்துக்கு இரண்டு நாவல் வாசிக்கும் பெண் எழுத உட்கார்ந்தால் ஒரு பத்தியோடு நின்றுவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான பதில் அந்த ஒரு வரியிலேயே பாதி இருக்கிறது. என்ன படிப்பது என்பதை அவள் தானே தேடிக்கொள்வாள். தான் எழுதியதை வரி வரியாகப் படித்து, எங்கே புரிந்தது, எங்கே புரியவில்லை என்று சொல்லும் ஒருவர்தான் அவளுக்கு இப்போது வேண்டும். ஆகவே பாடநூல் பட்டியலையும் நிறுவனத்தின் பெயரையும் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, மாணவர் அனுப்பும் கட்டுரை எந்த வடிவில் திரும்பி வருகிறது என்பதை முதலில் பாருங்கள்.

இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. உங்களுக்குப் பிடித்த வகுப்பின் ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பி, மாணவரின் பெயரை நீக்கிவிட்டு, அவர் திருத்திய ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை ஒன்றைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டு வருத்தப்படுவதில்லை. வந்த பிரதியில் எழுத்துப்பிழையும் காற்புள்ளியும் மட்டும் வட்டமிடப்பட்டு, கடைசியில் ‘மிக நன்று’ என்றோ ஒரு மதிப்பெண்ணோ மட்டும் இருந்தால், அந்த வகுப்பு உங்கள் மகளை அதே ஒற்றைப் பத்தியில்தான் நிறுத்திவைக்கும். ‘இந்த இடத்தில் நீ சொல்வதை நம்புவதற்கு நாடகத்திலிருந்து ஒரு வரியை எடுத்துக் காட்டு’, ‘மூன்றாம் பத்தியில்தான் உன் உண்மையான கருத்து வருகிறது, அதை முதலுக்குக் கொண்டுவந்து மறுபடி எழுதிப் பார்’ என்பது போன்ற குறிப்புகள் ஓரத்தில் இருந்தால், அங்கே ஒருவர் உட்கார்ந்து படித்திருக்கிறார் என்று பொருள். இருபது ஆண்டுகள் மாணவர் கட்டுரைகளைத் திருத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன்: இத்தகைய ஒரு குறிப்பு ஒரு பிள்ளையை மேலும் இரண்டு பக்கம் எழுதவைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்ததாக, ஆண்டுக்கு எத்தனை கட்டுரைகள் என்பதோடு, அவற்றில் எத்தனையைத் திருத்தத்துக்குப் பிறகு மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் கேளுங்கள். பன்னிரண்டு கட்டுரைகளை ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிடுவதைவிட, ஆறு கட்டுரைகளை இரண்டு வரைவாக எழுதுவது மேல் என்பது என் உறுதியான கருத்து. வகுப்பில் எத்தனை பேர் என்ற கேள்வியும் இதோடு சேர்ந்ததுதான். இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றைக் கவனமாகப் படித்துக் குறிப்பெழுத இருபது நிமிடமாவது ஆகும். பதினைந்து மாணவர் என்றால் ஒரு கட்டுரைக்கு ஐந்து மணி நேரம், இருபத்தைந்து பேர் என்றால் எட்டு மணி நேரத்துக்கும் மேல். மிகக் குறைந்த கட்டணத்தில் பெரிய வகுப்பு நடத்துபவர் அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சில நிறுவனங்களில் பாடம் நடத்துபவர் ஒருவர், கட்டுரை திருத்துபவர் வேறொருவர் என்பதையும் மறக்காமல் விசாரியுங்கள்.

கற்பிக்கும் முறையிலும் வேறுபாடுகள் உண்டு. ‘இன்ஸ்டிடியூட் ஃபார் எக்ஸலன்ஸ் இன் ரைட்டிங்’ போன்றவை, ஒரு பகுதியிலிருந்து முக்கியச் சொற்களைக் குறித்துக்கொண்டு, அவற்றிலிருந்து பத்தியை மீண்டும் கட்டுவது என்று படிப்படியான சட்டகத்தைத் தருகின்றன. ‘பிரேவ் ரைட்டர்’ போன்றவை, பிழையைப் பற்றிக் கவலைப்படாமல் குறிப்பிட்ட நேரத்துக்குத் தொடர்ந்து எழுதவைத்து, பிறகு அதைச் செப்பனிடும் வழியை வலியுறுத்துகின்றன. உங்கள் மகள் என்ன எழுதுவது என்று தெரியாமல் நிற்கிறாளா, மனத்தில் நிறைய இருந்தும் தவறாகிவிடுமோ என்று தயங்கி நிற்கிறாளா என்பதைக் கவனியுங்கள். முதல் வகைக்குச் சட்டகம் உதவும். இரண்டாவது வகைக்குச் சட்டகம் இன்னொரு பயமாகவே ஆகிவிடலாம். நிறைய வாசிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டாவது வகை, ஏனென்றால் நல்ல எழுத்து எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும், தம் எழுத்து அப்படி இல்லை என்பதும் தெரியும்.

ஆகவே ஒன்பதாம் வகுப்பில் இலக்கியமும் கட்டுரையும் சேர்ந்த வகுப்பாக இருந்தாலும், ஆண்டுக்கு ஆறேழு நூல்களுக்கு மேல் வைக்காத, எழுத்துக்கு அதிக வாரங்கள் ஒதுக்கும் வகுப்பைத் தேடுங்கள். கலந்துரையாடல் நேரலையில் நடக்க வேண்டும் என்பதையும் இந்த வயதில் நான் வற்புறுத்துவேன். பதிவு செய்த வீடியோவைப் பார்த்துக் கேள்விக்குப் பதில் எழுதும் வகுப்புகள் நேர வசதியானவை. ஆனால் தான் சொன்ன கருத்தை இன்னொரு பிள்ளை மறுக்கும்போது, நூலைத் திறந்து சான்று தேடிப் பேசுகிறாளே, அந்தப் பழக்கம்தான் பிறகு கட்டுரையின் உடலாக மாறுகிறது. வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்கு அது வேறு எங்கும் எளிதில் கிடைப்பதில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் வீட்டுக்கல்வி வகுப்பு நடத்தும் நிறுவனங்களில் கணிசமானவை கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்தவை. சிலவற்றில் நூல் தேர்விலும் விவாதத்திலும் அந்தப் பார்வை அடித்தளமாகவே இருக்கும். சிலவற்றில் ஆசிரியரின் தனிப்பட்ட நம்பிக்கையோடு நின்றுவிடும். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை, அதை அவர்கள் பெரும்பாலும் மறைப்பதும் இல்லை. உங்கள் வீட்டின் நம்பிக்கை எதுவாயினும், சேரும் முன் அவர்களுடைய நம்பிக்கை அறிக்கையையும் நூல் பட்டியலையும் மகளோடு உட்கார்ந்து படித்துவிடுங்கள். செப்டம்பரில் தெரிந்து சங்கடப்படுவதை அது தவிர்க்கும்.

ஏபி வகுப்பு இப்போது வேண்டாம். ஏபி ஆங்கில மொழித் தேர்வைப் பெரும்பாலோர் பதினோராம் வகுப்பிலும் ஏபி ஆங்கில இலக்கியத் தேர்வைப் பன்னிரண்டிலும் எழுதுகிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. மொழித் தேர்வில் 45 கொள்குறி வினாக்களை ஒரு மணி நேரத்தில் முடித்த கையோடு, 2 மணி 15 நிமிடத்தில் மூன்று கட்டுரைகள் எழுத வேண்டும்: பல ஆதாரங்களைத் தொகுத்து ஒன்று, ஓர் ஆசிரியர் தம் வாசகரை எப்படி இணங்கவைக்கிறார் என்று ஆராய்ந்து ஒன்று, தன் சொந்த வாதத்தை நிறுவி ஒன்று. ஒரு பத்தியில் தயங்கி நிற்கும் பிள்ளையை இதற்குள் தள்ளினால், நேரத்துக்கு எழுதும் சூத்திரத்தைத்தான் கற்றுக்கொள்வாள். பின்னர் சேர்க்கும்போது, அந்த வகுப்பின் பாடத்திட்டம், ஏபி தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பின் தணிக்கையில் ஒப்புதல் பெற்றதா என்று பாருங்கள். பெற்றிருந்தால்தான் மதிப்பெண் பட்டியலில் ஏபி என்று குறிப்பிடலாம். மே மாதத் தேர்வை எழுத அனுமதிக்கும் பள்ளியை நீங்களே தேட வேண்டும்; தேர்வுப் பதிவு நவம்பரிலேயே முடிந்துவிடுவதால், பள்ளி திறந்த உடனே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

அங்கீகாரம் பெற்ற நிறுவனமாகத்தான் இருக்க வேண்டுமா என்ற கவலை உங்களுக்கு இருக்கலாம். டெக்சாஸில் அதற்குத் தேவையில்லை. 1994ல் லீப்பர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் வீட்டுப் பள்ளியைத் தனியார் பள்ளியாகவே ஏற்றுக்கொண்டது; வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நல்ல குடிமைப் பண்பு ஆகிய ஐந்தையும் உண்மையாகக் கற்பித்தால் போதும். மதிப்பெண் பட்டியலைத் தயாரிப்பவர் நீங்கள்தான். கல்லூரிகள் பொதுவாக நான்கு ஆண்டு ஆங்கிலத்தை எதிர்பார்க்கும். படித்த நூல்களையும் எழுதிய கட்டுரைகளையும் ஆண்டுதோறும் குறித்துவைத்தால் பின்னால் அலைய வேண்டியதில்லை. கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது குடும்பத்துக்கு வெளியே உள்ள ஓர் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் பல இடங்களில் தேவைப்படும். அதனால் பத்து அல்லது பதினோராம் வகுப்பிலாவது, மகளை நன்றாக அறிந்த ஓர் ஆசிரியரிடம் முழு ஆண்டு படிக்கவையுங்கள். உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியில் முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தை, பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஒருசேரக் கணக்காகும் இரட்டை கிரெடிட்டாக எடுப்பதும் நல்ல வழிதான். ஆனால் அங்கே பெறும் மதிப்பெண் அவளுடைய கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக நிற்கும் என்பதால், அதற்கு இரண்டு ஆண்டு பொறுத்திருங்கள்.

சாட்ஜிபிடி போன்ற கருவிகளைப் பற்றி வகுப்பின் விதி என்ன என்று கட்டாயம் கேளுங்கள். விதி எதுவானாலும், முதல் வரைவைக் கையால் தாளில் எழுதும் வழக்கத்தை வீட்டில் வைத்துக்கொண்டால் நல்லது. நீங்கள் ஆங்கில இலக்கியம் படிக்காதவர் என்பது இங்கே குறையே இல்லை. அவள் எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லி, எந்த இடத்தில் உங்களுக்குப் புரியவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். அதைத் தமிழிலேயே சொல்லலாம். தான் எழுதியதைத் தாய்க்குத் தமிழில் விளக்கும்போது, ஆங்கிலத்தில் சொல்லாமல் விட்டது என்ன என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் வகுப்புகளுக்கான பதிவு வசந்த காலத்திலேயே தொடங்கி, நல்ல ஆசிரியர்களின் வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆண்டுக் கட்டணம் பல நூறு டாலரிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகும் என்பதால், எந்தத் தேதிவரை விலகினால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இந்த வாரம் மூன்று ஆசிரியர்களுக்கு அந்த மின்னஞ்சலை அனுப்புங்கள். பதில் பிடித்திருந்தால், அவர் கோடையில் நடத்தும் நான்கு அல்லது ஆறு வார வகுப்பு ஏதேனும் இருந்தால் அதில் மகளைச் சேர்த்துவிடுங்கள். முதல் கட்டுரை திருத்தப்பட்டு வரும் நாளில் அருகில் இருந்து கவனியுங்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்தால் வேறு ஆசிரியரைத் தேடலாம். ஓரக் குறிப்புகளைப் படித்துவிட்டு, யாரும் சொல்லாமலே மறுபடி எழுத உட்கார்ந்தாள் என்றால், அவரிடமே ஆகஸ்ட் வகுப்புக்கும் பணம் கட்டிவிடுங்கள்.