சளியும் இரத்தசோகையும்

கேள்வி: என் 3 வயது மகளுக்கு ஹீமோகுளோபின் 9 தான் இருக்கிறது. அடிக்கடி சளி, இருமல், சில சமயம் மூச்சிரைப்பு. இரத்தசோகைதான் காரணமா டாக்டர்?

பதில்: சளி வைரஸால் வருகிறது, இந்த வயதில் அது அடிக்கடி வருவதும் சகஜம்தான் அம்மா. ஆனால் இரும்புச்சத்து குறைந்தால் கிருமியோடு போராடும் வெள்ளணுக்களும் சோர்ந்துவிடும், அதோடு ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் குறைவு என்பதால், நுரையீரலில் தொற்று இறங்கும்போது மற்ற குழந்தைகளைவிட இவளுக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும், இதயமும் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள், இருக்கிற ஹீமோகுளோபினில் ஆக்ஸிஜன் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்றுதான் அது சொல்லும், மொத்தமே குறைவு என்பதைச் சொல்லாது. அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டாலோ, விலா இடுக்கு உள்வாங்கினாலோ, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இந்த வயதில் ஹீமோகுளோபின் 100 மி.லி. இரத்தத்துக்கு 11 கிராமாவது வேண்டும். உடலில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைக் காய்ச்சல் நேரத்தில் எடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும், சளி அடங்கியபின் எடுப்பது நல்லது. அப்புறம், இரும்பு டானிக்கை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அளவு மீறினால் ஆபத்து. டாக்டர் எழுதிக் கொடுத்தால், ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் அவர் சொல்லும் வரை நிறுத்த வேண்டாம்.