உள்ளூர் வரலாற்றுக் குழுவில் என்னதான் செய்வார்கள்? வரும் மாதங்களில் எந்த நிகழ்ச்சிக்குப் போகலாம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வரலாற்று ஆர்வலர் குழு இருக்கிறது. மாதக் கூட்டம், களப்பயணம், கல்வெட்டுப் பயிற்சி என்று அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. வரலாறு படிக்காத நீங்கள் சேரலாமா, சேர்ந்தால் எதற்குப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் சேருங்கள். நானும் வரலாறு படித்தவன் இல்லை, கணக்கெழுதும் வேலை. ஒன்பது வருஷமாகப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சிறு குழுவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுகிறேன். ஒரே ஒரு யோசனை: மண்டபத்தில் நடக்கும் சொற்பொழிவை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். ஒரு களப்பயணத்துக்குப் போய் வந்து அப்புறம் முடிவு செய்யுங்கள்.

என் முதல் பயணம் ஒரு பங்குனி மாதம். கண்மாய் வற்றி, நடுவில் மட்டும் கொஞ்சம் சேறு கிடந்தது. அதில் இரண்டு கல்தூண்கள் நின்றன, குறுக்கே பலகைக் கல். பேருந்தில் போகும்போதெல்லாம் அந்தத் தூண்களைப் பார்த்திருக்கிறேன், ஏதோ பழைய மண்டபத்தின் மிச்சம் என்றுதான் நினைத்திருந்தேன். குழுவில் மூத்தவர் ஒருவர்தான், அது குமிழித் தூம்பு என்று சொன்னார். தூணுக்கு அடியில் கல்தொட்டி இருக்கும். அதில் தண்ணீர் போக ஒரு துளை, சேறு போகத் தனியாக ஒரு துளை. நீரோடி, சேறோடி என்று பெயர். கண்மாய் நிரம்பியிருக்கும்போது நீந்திப் போய்த் துளையை மூடிய கல்லைத் தூக்கிவிட்டால், கரைக்கு அடியில் போகும் கால்வாய் வழியாகத் தண்ணீர் வயலுக்குப் போகும். சேறும் கூடவே வெளியேறிவிடுவதால் கண்மாய் தூர்ந்துபோகாது.

அந்தத் தூணில் எழுத்து இருக்கிறது என்று எங்களுக்குச் சொன்னது, கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தா. "கரையில நின்னா ஒண்ணும் தெரியாது தம்பி, உள்ள எறங்கி அந்தப் பக்கமாப் போய்ப் பாருங்க" என்றார். போய்ப் பார்த்தோம். பாசி காய்ந்து அப்பியிருந்த கல்லில் ஆறு வரி.

கல்லில் உள்ள எழுத்தை அப்படியே தாளில் பதித்து எடுக்கும் படியெடுப்பதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். இரும்பு எதுவும் கல்லில் படக்கூடாது. தண்ணீரை ஊற்றி, தேங்காய் நார் பிரஷ்ஷால் பொறுமையாகத் தேய்த்தார்கள். தாளைத் தண்ணீரில் நனைத்துக் கல்லின்மேல் சுருக்கமில்லாமல் ஒட்டினார்கள். அடுத்து அடர்த்தியான முடி உள்ள பிரஷ்ஷால் தாளைத் தட்டினார்கள். ஓங்கி அடித்தால் கிழியும், மெதுவாகத் தட்டினால் எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்காது. அந்தப் பக்குவம் எனக்கு வர இரண்டு வருஷம் ஆனது. தாள் அரைகுறையாகக் காய்ந்ததும், துணிப் பந்தில் கறுப்பு மையைத் தொட்டு மேலே ஒற்றினார்கள். மேட்டில் மட்டும் மை படும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். நாம் பார்க்கிற பக்கத்திலேயே மை இடுவதால் எழுத்து இடம் வலம் மாறாமல் நேராகவே வரும். கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. எது க, எது க் என்று இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். குறில் நெடிலிலும் அதே சிக்கல். அந்த ஆறு வரியைப் படிக்க எங்களுக்கு மூன்று கூட்டங்கள் ஆயின. தூம்பு செய்வித்தவரின் பெயரில் பாதி சிதைந்துவிட்டது. செய்வித்த என்ற சொல் மட்டும் தெளிவாக நின்றது. அதை நானேதான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். இன்றைக்கும் அந்தப் படி என் வீட்டில் சுருட்டி வைத்திருக்கிறேன்.

நீங்கள் கணக்கு, வியாபாரம், விவசாயம் என்று எந்த வேலையில் இருந்தாலும் அந்த அறிவு இங்கே பயன்படும். கோயில் கல்வெட்டுகளில் பாதிக்கு மேல் கொடுக்கல் வாங்கல்தான். ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு கொடுத்தார்கள் என்று சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். அந்த ஆடுகளை "சாவா மூவாப் பேராடு" என்று எழுதியிருப்பார்கள். சாகாத, கிழடாகாத ஆடு எங்கே இருக்கிறது என்று முதலில் குழம்பினேன். பிறகுதான் விளங்கியது: செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும், தொகை 96இல் குறையக் கூடாது. முதலைத் தொடாமல் வட்டியில் விளக்கு எரிகிறது! எங்கள் அலுவலகத்தில் வைப்பு நிதிக்கு எழுதும் பதிவுக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. அன்றிலிருந்து கல்வெட்டு எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

நடுகல், அதாவது சண்டையில் இறந்த வீரன் நினைவாக நட்ட கல், தேடப் போவது இன்னொரு அனுபவம். தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுத்த நடுகற்களில் தமிழ் பிராமி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்து இருக்கிறது. அதில் ஒன்றில் "ஆகோள்" என்ற சொல் வருகிறது. ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையைக், கவர்வதைக் குறிக்கும் இந்தச் சொல் தொல்காப்பியத்திலும் உண்டு. இலக்கணத்தில் படித்த சொல்லைக் காட்டில் கிடந்த கல்லில் பார்ப்பது என்றால் சும்மாவா? எனக்கு மிகப் பிடித்தது திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. வீரன் பக்கத்தில் ஒரு நாய் நிற்கும். அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள். எத்தனையோ தலைவர்களின் பெயர் அழிந்துவிட்டது, ஒரு நாயின் பெயர் நிற்கிறது.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் கும்பிடப்படுகின்றன. அங்கே போய் நின்று இது நடுகல்தான், சாமி இல்லை என்று பேசுகிறவரைக் குழுவில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பூசாரியிடம் கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் சரி என்ற பிறகே கிட்டே போக வேண்டும். அந்தக் கல் இத்தனை நூற்றாண்டு தப்பித்ததே அவர்கள் கும்பிட்டதால்தான்.

சரி, இவ்வளவு அவசரமாக எதற்குப் பதிவு செய்கிறோம்? நாங்கள் ஒரு சிறு கோயிலுக்குப் போயிருந்தோம். அதிட்டானம், அதாவது சுவருக்குக் கீழே உள்ள அடிப்பீடம், முழுக்க எழுத்து. அன்றைக்கு நேரம் இல்லாததால் தெற்குப் பக்கத்தை மட்டும் புகைப்படம் எடுத்துக்கொண்டு, மற்றதை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று வந்துவிட்டோம். அடுத்த மாதம் மழை, அதற்கடுத்த மாதம் ஆளுக்கொரு வேலை. எட்டு மாதம் கழித்துப் போனபோது கும்பாபிஷேகத் திருப்பணி முடிந்திருந்தது. சுற்றிலும் தரையை உயர்த்தி டைல்ஸ் போட்டிருந்தார்கள். கீழ் வரிகள் மண்ணுக்குள் போய்விட்டன, மேல் வரிகள் மேல் கனமாக எனாமல் பெயின்ட். செய்தவர்கள் பக்தியோடுதான் செய்தார்கள், யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. முன்பே போய் இது என்ன என்று விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. வடக்குப் பக்கம் என்ன எழுதியிருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. எங்கள் கையில் இருப்பது தெற்குப் பக்கத்துப் படங்கள் மட்டும்தான். அந்த எட்டு மாதம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இந்திய அரசின் கல்வெட்டுத் துறையினர் 1887 முதல் ஆண்டறிக்கை வெளியிட்டு வருகிறார்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி வரிசை 1890இல் தொடங்கியது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1961இல் ஏற்பட்டது. இத்தனை பேர் வேலை செய்தும், எல்லா ஊர்க் கண்மாய்க்கும் எல்லாக் காட்டுக் கல்லுக்கும் அவர்களால் வந்துவிட முடியாது. கீழடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 2014இல் அகழாய்வுக்காக ஆட்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, 1970களில், அவ்வூர்ப் பள்ளி வரலாற்று ஆசிரியர் ஒருவர் மாணவர்கள் கொண்டுவந்த பழம்பொருட்களைச் சேர்த்து வைத்துத் தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லியிருக்கிறார். உள்ளூர்க் குழுவின் வேலை அதுதான்: பார்ப்பது, குறிப்பது, உரியவருக்குச் சொல்வது.

தோண்டுவது நம் வேலை இல்லை. இதில் விளையாட்டே கூடாது. பூமிக்கடியில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பழம்பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லிவிடுங்கள். பானை ஓட்டைக்கூட வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். அது கிடந்த இடம்தான் அதன் பாதி வரலாறு. எழுத்து தெரியவில்லை என்று மாவு பூசுவது, சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுப்பது இரண்டும் வேண்டாம். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று பலகை இருந்தால் அனுமதி இல்லாமல் படியெடுக்கப் போகவே கூடாது.

மாதக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாராவது பேசுவார்கள், மற்றவர்கள் சண்டை போடுவார்கள். பெரும்பாலும் ஒரு எழுத்து ர-வா, கால் வாங்கியதா என்பதற்குத்தான் சண்டை. தேநீர் உண்டு. ஆனால் சில கூட்டங்களுக்கு ஊர்ப் பெரியவர்கள் வீட்டில் இருக்கும் பழைய பத்திரம், ஓலை, கல்யாணப் பத்திரிகை என்று கொண்டுவருவார்கள். அந்தக் கூட்டத்தைத் தவற விடாதீர்கள். ஊர் பெயர் முன்பு எப்படி இருந்தது, எந்தத் தெருவில் யார் இருந்தார்கள், எந்தக் கிணறு தூர்க்கப்பட்டது என்பதெல்லாம் அதில்தான் கிடைக்கும்.

இனி, வரும் மாதங்களுக்கு. உங்கள் குழுவின் அட்டவணை எனக்குத் தெரியாவிட்டாலும் ஒரு வருஷம் எப்படிப் போகும் என்று சொல்ல முடியும். தை அறுவடை முடிந்து வயல் காலியான பிறகு மாசி முழுக்க நடுகல், புதர்க்குள் கிடக்கும் சிற்பம் என்று தேடிப் போவார்கள். பங்குனி, சித்திரையில் கண்மாய்கள் வற்றும்போது தூம்புகள். என்னைக் கேட்டால் உங்களை இந்த மாதங்களில்தான் சேரச் சொல்வேன். ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாள், மே 18 உலக அருங்காட்சியக நாள். இந்த இரண்டுக்கும் மாவட்ட அருங்காட்சியகங்களில் ஏதாவது நிகழ்ச்சி இருக்கும், பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். வெயில் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் தமிழ் பிராமி, வட்டெழுத்து போன்ற பழைய எழுத்துகளைப் படிக்கும் பயிற்சி வகுப்பு நடத்துவது பல குழுக்களின் வழக்கம். பள்ளி விடுமுறையும் சேர்ந்து வருவதால் கூட்டம் இருக்கும், முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடுங்கள். சென்னையில் இருந்தால் ஆகஸ்ட் 22ஐ ஒட்டிய வாரம் முழுக்க நடைப்பயணங்கள்தான். 1639இல் அந்த நாளில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அந்த இடம் கிடைத்ததை வைத்துச் சென்னை நாள் கொண்டாடுகிறார்கள். நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம். எங்கள் குழு அந்த வாரத்தில் பள்ளிகளுக்குப் படிகளை எடுத்துப் போய்க் காட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் களப்பயணம் குறைவு. அப்போது உட்கார்ந்து அந்த வருஷத்துப் படிகளைப் படித்து எழுதி வைப்போம். எல்லாவற்றையும் விட முக்கியமான வேலை அது, வருகிறவர்கள்தான் குறைவு.

முதல் களப்பயணத்துக்கு விடியற்காலையிலேயே கிளம்புங்கள். உச்சி வெயிலில் எழுத்தே தெரியாது, சாய்ந்த வெளிச்சம் வேண்டும். தொப்பி, இரண்டு பாட்டில் தண்ணீர், முள் குத்தாத செருப்பு, ஒரு நோட்டு. முடிந்தால் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். நிழலில் இருக்கும் கல்லுக்குப் பக்கவாட்டில் அதைப் பிடித்து வெயிலைத் திருப்பினால், மழுங்கிய எழுத்துகூட சட்டென்று தெரியும். எங்கள் குழுவில் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் கொடுக்கும் வேலையே கண்ணாடி பிடிப்பதுதான்.