கேட்டுவிட்டு எடுத்தால் படம் விறைத்துப் போகுமா?

காரைக்காலிலிருந்து பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஜூன் மாதம் பாரிஸில் இருக்கும் தம்பி வீட்டுக்கு மூன்று வாரம் போகிறார், வழியில் துபாயில் மகனோடு நான்கு நாள் தங்குகிறார். கையில் 35 மி.மீ. லென்ஸ் பொருத்திய கேமரா இருக்கிறது. "கோபுரத்தையும் கட்டடத்தையும் எடுத்தது போதும், அங்குள்ள தெருவையும் மனிதர்களையும் எடுக்க ஆசை. கேட்டுவிட்டு எடுத்தால் முகம் விறைத்துவிடுகிறது, கேட்காமல் எடுத்தால் மனம் உறுத்துகிறது. சட்டச் சிக்கல் வருமோ என்ற பயமும் இருக்கிறது" என்கிறார்.

ஐயா, முதலில் துபாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே அறியாமல் செய்த தவறுக்கும் விலை அதிகம். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டம், பொது இடத்திலேயே ஆனாலும் ஒருவரை அவருடைய சம்மதமின்றிப் படமெடுத்து அவரது அந்தரங்கத்தில் தலையிடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. குறைந்தது 6 மாதச் சிறை, 1,50,000 முதல் 5,00,000 திர்ஹாம் வரை அபராதம், அல்லது இவற்றில் ஒன்று என்பது தண்டனை. ஆகவே அந்த நான்கு நாளும் கேட்காமல் ஒரு முகத்தையும் எடுக்காதீர்கள், பெண்களையும் குடும்பங்களையும் நோக்கிக் கேமராவைத் தூக்கவே தூக்காதீர்கள். மாலையில் தேரா படகுத்துறைக்குப் போனால், அப்ரா எனப்படும் சிறு பயணப் படகுகளை முகம் தெரியாத நிழலுருவங்களாக எடுக்கலாம். படகோட்டியின் முகம் வேண்டுமென்றால் அவரிடமே கேளுங்கள்.

பிரான்சில் எடுப்பது வேறு, வெளியிடுவது வேறு. பொதுத் தெருவில் நின்று தெருவை எடுப்பது குற்றமில்லை. ஆனால் அடையாளம் தெரியும்படி ஒருவரைத் தனித்துக் காட்டும் படத்தை அவர் சம்மதமின்றி வெளியிட்டால், அந்நாட்டுச் சிவில் சட்டத்தின் 9-ஆவது பிரிவைக் கொண்டு அவர் வழக்குத் தொடரலாம், முகநூலில் போடுவதும் வெளியிடுவதுதான். யாரையும் தனித்துக் காட்டாத கூட்டத்தின் படத்துக்குப் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை. சன்னல் வழியாக ஒருவர் வீட்டுக்குள் இருப்பதை எடுப்பதோ குற்றவியல் சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்கு ஓராண்டு வரை சிறையும் 45,000 யூரோ வரை அபராதமும் உண்டு.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ராபர்ட் துவானோ 1950-இல் பாரிஸ் நகர மன்றக் கட்டடத்தின் முன் எடுத்த முத்தமிடும் இணையரின் படம் உலகம் முழுவதும் சுவரொட்டியாகப் பரவியது, அது கண நேரத்தில் தற்செயலாக அகப்பட்ட காட்சி என்றே பல்லாண்டுகள் நம்பப்பட்டது. அந்த இணையர் நாங்கள்தான் என்று ஒரு தம்பதி 1990-களில் வழக்குத் தொடுத்தபோதுதான், நடிப்புப் பயின்றுகொண்டிருந்த இருவரிடம் கேட்டு, அவர்களை நிற்கவைத்து எடுத்த படம் அது என்பதை துவானோ வெளியிட்டார். பாரிஸ் தெருப் படங்களில் மிகவும் புகழ்பெற்ற ஒன்றே கேட்டு எடுத்ததுதான் என்னும்போது, கேட்பதால் படம் செத்துவிடும் என்று நாம் அஞ்ச வேண்டியதில்லை. விறைப்பு வருவது கேட்பதால் அல்ல, கேட்ட உடனே எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவதால்.

இதை நான் நாச்சியார்கோவிலில் கற்றுக்கொண்டேன். குத்துவிளக்குப் பட்டறை ஒன்றில் கடைசல் பிடிப்பவரிடம் படமெடுக்கலாமா என்று கேட்டதும், அவர் எழுந்து கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, கைகட்டி நின்றார். அப்படியே எடுத்து, திரையில் காட்டினேன், அது அவர் விரும்பிய படம். பிறகு ஓரமாகக் கிடந்த பலகையில் உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, விளக்கின் தண்டு எத்தனை துண்டாக வார்க்கப்படுகிறது என்று பேசிக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் சட்டை மறுபடி கொடிக்குப் போயிற்று. சுழலும் பித்தளையில் உளி பட்டுப் பறந்த துருவல், வியர்த்திருந்த அவரது முன்கையில் பொன்பொடியாக அப்பியிருந்தது. நான் தேடிய படம் அந்தக் கைதான். அதற்கான சம்மதம் முதலிலேயே கிடைத்துவிட்டது.

பாரிஸிலும் இதையே செய்யுங்கள். தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் வாரச் சந்தை கூடினால், முதலில் 'போன்ஜூர்' சொல்லிச் செர்ரிப்பழம் கொஞ்சம் வாங்குங்கள், பிறகு கேமராவைத் தொட்டுக் காட்டிக் கேளுங்கள். முடியாது என்று தலையசைத்தால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். சம்மதித்தால் முதல் படம் அவருக்கு, அவர் தராசுக்குத் திரும்பிய பிறகு எடுப்பது உங்களுக்கு. கேமராவில் துளையை (அப்பர்ச்சர்) எஃப் 8, ஷட்டர் வேகத்தை 1/250 நொடி, குவியத்தை (ஃபோகஸ்) எட்டடி தூரம் என்று முன்னதாகவே வைத்துவிட்டால், எடுக்கும் நேரத்தில் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். நம் ஊரில் ஆறரை மணிக்கு மங்கிவிடும் சாய்வெயில் அங்கே ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் இருக்கும், அதனால் இரவுச் சாப்பாட்டை முன்னதாகவே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

பாரிஸின் லா சப்பல் பகுதித் தமிழ்க் கடைத்தெருவில் மொழி ஒன்று என்ற உரிமையில் நாம் தாராளமாக எடுத்துவிடுவோம். அங்கேதான் இன்னும் கவனம் வேண்டும். போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர் பலருக்குத் தம் முகம் பொதுவெளியில் வருவதில் அச்சம் இருக்கக்கூடும், காரணம் கேட்காமல் அதை மதியுங்கள். குழந்தைகளைப் பெற்றோரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். நடைபாதையில் படுத்திருப்பவரை எடுக்கக் கை போகும்போது, திருவையாற்றுப் பக்கம் நடவு வயலில் ஓர் அம்மா என்னிடம் கேட்டதை நினைத்துக்கொள்ளுங்கள்: "ஏந்தம்பி, குனிஞ்சு கெடக்கிறப்பதான் எடுப்பீங்களா? நிமுந்து நிக்கிறப்ப ஒண்ணு எடுங்க."

எடுத்த படத்தை அனுப்புவதாகச் சொன்னால் அந்த வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பினால் தரம் குறையாமல் போய்ச் சேரும். இணையத்தில் போடலாமா என்பதையும் அதே செய்தியில் கேட்டு, வரும் பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.