ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் பாடம் பற்றிக் கேட்டால் பதிலே வருவதில்லை

குழுவை டெலிகிராமுக்கு மாற்றி ‘டாபிக்ஸ்’ வசதியை இயக்கச் சொல்லுங்கள். தமிழ், கணக்கு, சுற்றறிக்கை என்று தனித்தனியாகப் பிரிந்துவிட்டால், காலை வணக்கப் படங்களுக்கு அடியில் தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பற்றிய உங்கள் கேள்வி புதையாது.

ஆனால் கேள்வி ரொம்பப் பொதுவாக இருப்பதும் காரணமாக இருக்கலாம். “கழித்தல் வரவில்லை, என்ன செய்ய?” என்றால் எங்கே தொடங்கிப் பதில் சொல்வது?

ஒருமுறை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 52 - 27 = 35 என்று பிள்ளை தவறாகப் போட்ட அந்த ஒரு கணக்கை மட்டும் படமெடுத்துப் போட்டு, “ஒன்றுகளில் 7-லிருந்து 2-ஐக் கழிக்கிறாள், கடன் வாங்கிக் கழிப்பதைக் குச்சிக் கட்டு வைத்து எப்படிக் காட்டுகிறீர்கள்?” என்று கேளுங்கள்.

அப்புறம், படத்தில் பிள்ளையின் பெயரோ முகமோ கட்டாயம் வரக்கூடாது.