மோர் வடை நடுவில் ஊறவே மாட்டேன் என்கிறதே?

கேள்வி: அக்கா, என் மோர் வடை மேலே நனைந்திருக்கிறது, பிட்டால் நடுவில் காய்ந்து கிடக்கிறது. மோரும் மாலைக்குள் புளித்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மோரைக் குறை சொல்லாதீர்கள், கோளாறு மாவில்தான். உளுந்து 2 மணி நேரம் ஊறினால் போதும். அதற்கு மேல் போனால் வடை எண்ணெய் குடிக்கும். ஐஸ் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரையுங்கள். ஒரு பொட்டு மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். அடியில் போய் உட்கார்ந்தால், கையாலேயே நன்றாக அடித்துக் கொடுங்கள். காற்று ஏறினால்தான் வடைக்குள் பொத்தல் விழும், மோர் உள்ளே போகும். உப்பு கடைசியில்.

எண்ணெய் மிதமாகக் காயட்டும். பொரித்த வடையை வெந்நீரில் 2 நிமிடம் போட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெல்ல அழுத்துங்கள். பிழிந்தால் பிய்ந்துவிடும். அப்புறம்தான் மோர்.

தேங்காய், பச்சை மிளகாய், இஞ்சி, சீரகம் அரைத்துக் கலந்து, கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்தால் மோர் தயார். வடை குடித்துக்கொண்டே இருக்கும், அதனால் மோர் தளரவே இருக்கட்டும். புளிக்காத தயிராகக் கடைந்து, காய்ச்சி ஆறிய பால் கொஞ்சம் சேருங்கள். தேங்காய் விழுது வெயில் காலத்தில் சீக்கிரம் கெட்டுவிடும். சாயங்காலம் பரிமாறுவதென்றால் அதுவரை ஃபிரிட்ஜில் வையுங்கள். மேலே காராபூந்தி தூவுவது உங்கள் இஷ்டம். எனக்குக் கொத்தமல்லியே போதும்.