பச்சைத் தேயிலை விலையும் உலக அரசியலும்: மலையிலிருந்து வந்த கேள்விகள்

கட்டபெட்டு, சிறு தேயிலை விவசாயி: ஐயா, 1999 வாக்கில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது. ரஷ்யா வாங்காததால் என்கிறார் ஒருவர், இலங்கை ஒப்பந்தம் என்கிறார் இன்னொருவர், நாம் முற்றிய இலையைப் பறித்ததுதான் என்கிறார் ஃபேக்டரிக்காரர். எது சரி?

மூன்றும் மூன்று மட்டங்களில் நிற்கும் காரணங்கள். பன்னாட்டு அரசியல் அறிஞர் கென்னத் வால்ட்ஸ் 1959இல் போருக்கான காரணங்களைத் தனிமனிதர், நாட்டின் உள்ளமைப்பு, நாடுகள் சேர்ந்த ஒட்டுமொத்த அமைப்பு என்று பிரித்தார். அந்தப் பிரிப்பு விலைக்கும் உதவும். ஆனால் பிரித்துவிட்டால் மட்டும் போதாது, தேதிகளை அடுக்கிப் பார்க்க வேண்டும்.

இலங்கையுடனான தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28இல் கையெழுத்தானது. நடைமுறைக்கு வந்தது 2000 மார்ச்சில். அதிலும் தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ என்று வரம்பு உண்டு. நீங்கள் சொல்லும் சரிவு 1999 என்றால், ஒப்பந்தம் அதன் முதல் காரணமாக இருக்க முடியாது. விழுந்த விலை எழாமல் போனதில் அதற்குப் பங்கு இருக்கலாம்.

ரஷ்யக் காரணத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. இந்தியத் தேயிலையின் மிகப் பெரிய வெளிநாட்டு வாடிக்கையாளரான சோவியத் யூனியன் கலைந்தது 1991 டிசம்பரில். இடையில் அத்தனை ஆண்டுகள் விலை ஏன் தாங்கியது? ரஷ்யாவுடன் செய்த 1993 ஒப்பந்தப்படி, சோவியத்திடம் வாங்கிய பழைய கடனை இந்தியா ரூபாயில் திருப்பிக் கட்டியது. அந்த ரூபாயைக் கொண்டு ரஷ்யா இங்கே தேயிலை உள்ளிட்ட சரக்குகளை வாங்கியது. பனிப்போர் முடிந்த பிறகும் அதன் கணக்குவழக்கு நம் தோட்டத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று பொருள். 1998 ஆகஸ்டில் ரஷ்ய நாணயமான ரூபிள் சரிந்தது. காலவரிசைக்குப் பொருந்தும் அடி இதுதான்.

முற்றிய இலை? ஒரே வாடிக்கையாளர், தரத்தைவிட அளவையே பார்த்து வாங்குகிறார் என்றால், இரண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துப் பறிக்க யாருக்கும் தூண்டுதல் இருக்காது. ஆக இது தனிக் காரணம் அல்ல, மேல்மட்டக் காரணத்தின் விளைவு. பழியை விவசாயி தலையில் மட்டும் இறக்குவது ஆய்வு ஆகாது.

கூடலூர், ஆசிரியை: எங்கள் குடும்பம் இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பம். 1964 ஒப்பந்தத்தை எந்தக் கோட்பாடு சரியாக விளக்கும்?

முழுதாக எதுவும் விளக்காது, டீச்சர். எண்களிலிருந்து தொடங்குவோம். 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும், இலங்கையில் குடியுரிமையின்றி இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைப் பங்கிட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

நாடுகள் பலத்தையும் பாதுகாப்பையும் பார்த்தே நடக்கின்றன என்று சொல்லும் யதார்த்தவாதி 1962 சீனப் போரைக் காட்டுவார்: அடி வாங்கிய இந்தியாவுக்கு அண்டை நாட்டின் நட்பு தேவைப்பட்டது. நேரு இருந்தவரை அந்த மக்கள் இலங்கைக்கே உரியவர்கள் என்று வாதிட்ட தில்லி, 1964இல் இறங்கி வந்ததை இது ஓரளவு விளக்கும். அரசியல் அறிஞர் ராபர்ட் பட்னம் 1988இல் சொன்ன இரட்டை மேசைக் கருத்து இன்னொரு பகுதியை விளக்கும். பிரதமர் எதிர்நாட்டோடு ஒரு மேசையிலும், சொந்த நாட்டு அரசியலோடு இன்னொரு மேசையிலும் ஒரே நேரத்தில் பேரம் பேசுகிறார். அந்த மக்களுக்குக் குடியுரிமை மறுத்த இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தை ஆதரித்த வாக்காளர்கள் சிறிமாவோவின் இரண்டாவது மேசையில் இருந்தார்கள்.

அந்த இரண்டு மேசையிலும் தோட்டத் தொழிலாளிக்கு நாற்காலி இல்லை. அரசையே அலகாக வைத்துப் பேசும் கோட்பாடுகளின் பெரிய குறை இது. குடியுரிமை இல்லாதவர் அவற்றில் வெறும் எண்ணிக்கையாகிவிடுகிறார். 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கி, பின்னால் டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) ஆகி, உங்கள் ஊரில் லயன்கள் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகள் எழுந்த வரலாற்றை இதன் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் படம் முழுமை பெறும்.

குன்னூர், குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்: கோட்பாடுகள் எல்லாம் தெரிந்தும் மதிப்பெண் வரவில்லை சார்.

பெயர் ஒட்டுவதுதான் வழக்கமான தவறு, தம்பி. “இது யதார்த்தவாதம்” என்று எழுதுவது விடையல்ல. 10 மதிப்பெண்ணுக்கு 150 சொற்கள். நிகழ்வை 25 சொற்களில் தேதியோடு சொல்லுங்கள். அந்தக் கோட்பாடு உண்மையானால் என்ன நடந்திருக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம். நடந்ததற்கு இரண்டு சான்று. பிறகு, பொருந்தாத ஒன்றைக் கட்டாயம் எழுதுங்கள். பலர் விடுவது இதைத்தான்.

ஊட்டி, கல்லூரி மாணவி: கட்டமைப்புவாதம் (constructivism) என்றால் எல்லாம் மனசுதான் என்பதா?

இல்லைம்மா. பிரிட்டனிடம் உள்ள 500 அணு ஆயுதங்களைவிட வடகொரியாவின் 5 அமெரிக்காவை அதிகம் அச்சுறுத்துகிறது என்றார் அந்தக் கோட்பாட்டின் முக்கிய அறிஞர் அலெக்சாண்டர் வென்ட். ஆயுதம் நிஜம்தான், அது நண்பனுடையதா பகைவனுடையதா என்பதை உறவின் வரலாறு தீர்மானிக்கிறது. சோதிக்க ஒரு வழி: பலம் மாறாதபோதே எண்ணம் மாறி, அதனால் கொள்கை மாறிய இடத்தைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அந்தக் கோட்பாட்டை அங்கே வலிந்து திணிக்காதீர்கள்.

அதே மாணவி: கௌடில்யரை யதார்த்தவாதி எனலாமா?

கவனமாக. அண்டை அரசன் பகைவன், அவனுக்கு அடுத்தவன் நண்பன் என்னும் அவருடைய மண்டலக் கோட்பாடு, வெற்றியை நாடும் அரசனுக்குச் சொன்ன அறிவுரை. வால்ட்ஸ் எழுதியது நாடுகள் ஏன் அப்படி நடக்கின்றன என்ற விளக்கம். இரண்டும் ஒரே வேலையைச் செய்யவில்லை.

கோத்தகிரி, நூலக வாசகர்: எதை முதலில் படிப்பது?

ஒப்பந்தத்தின் மூல வாசகத்தை. வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் பல ஒப்பந்தங்கள் முழுதாகக் கிடைக்கும். ஒப்பந்தத்தின் பின்னிணைப்புகளை விடாதீர்கள், வரம்பும் விலக்கும் அங்கேதான் ஒளிந்திருக்கும். கையெழுத்தான நாள், நடைமுறைக்கு வந்த நாள் இரண்டையும் தனித்தனியே குறியுங்கள். அடுத்து நாடாளுமன்ற விவாதம், பிறகு அந்த வாரத்துச் செய்தித்தாள். தேயிலை என்றால் தேயிலை வாரியத்தின் ஏல விலைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்பாட்டுப் புத்தகத்தைக் கடைசியில் திறங்கள்.