கொழுந்தனார் சொல்லும் காலேஜ் சீட் வேண்டாம், ஆச்சி

கணக்கில் மார்க் குறைந்த மகளை அடுத்து என்ன படிக்க வைப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள், ஆச்சி. அதனால் அவள் வாழ்க்கை ஒன்றும் முடிந்துவிடாது. ஆறுதல் இவ்வளவுதான். ஊர் வீட்டுப் பங்கை விற்று, கோயம்புத்தூரில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கச் சொல்கிறாரே உங்கள் கொழுந்தனார், அதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். நாள் முழுக்க கம்ப்யூட்டர் கோடு (புரோகிராம்) எழுதுவது அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உங்கள் அடகுக் கடைப் பேரேட்டில் ஒரு தப்பு இருந்தால் சட்டென்று பிடித்துவிடுவாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை விட்டுவிட்டு எங்கே தேடுகிறீர்கள்?

பிசினஸ் அனலிஸ்ட் என்று ஒரு வேலை இருக்கிறது. நம் பக்கம் யாரும் அதைப் பேசுவதே இல்லை. அடகுக் கடைக்கு சாஃப்ட்வேர் கேட்கிறார்கள் என்று வையுங்கள், 'மாத வட்டி போட வேண்டும்' என்று ஒரு வரி சொல்லிவிட்டார்கள். 50,000 ரூபாய், மாதம் ஒன்றரை வட்டி, அடகு வைத்தவர் நாற்பதாம் நாள் நகையைத் திருப்ப வருகிறார். நாள் கணக்கு என்றால் வட்டி 1,000, இரண்டு மாதமாக எடுத்தால் 1,500. கடை வழக்கம் இரண்டாவது, புரோகிராமர் எழுதியது முதலாவது. கோடில் பிழையே இல்லை, ஆனாலும் கணக்கு தப்பு! அதுவும் கடையில் ஓட ஆரம்பித்தபின் தெரிந்தால், பழைய ரசீது எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்த வேண்டும். கோடு எழுதும் முன்பே உட்கார்ந்து, உடைந்த மாதத்தை எப்படி எடுப்பீர்கள், பாதிப் பணம் கட்டினால் வட்டியில் கழிப்பீர்களா அசலிலா என்று கேட்டு, ஒவ்வொரு விதியையும் எண் போட்டு, உதாரணத் தொகையோடு எழுதி, கடைக்காரர், புரோகிராமர், டெஸ்டர் மூவரையும் ஒன்றாக வைத்து வாசிக்க வைப்பவர்தான் அனலிஸ்ட். டெஸ்டரும் அந்த எண்ணை வைத்துத்தான் ஒவ்வொன்றாகச் சோதிப்பார்.

இதற்குக் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமே அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் பி.சி.ஏ. போதும், வீட்டிலிருந்தே போய்வரலாம். படித்த உடனே அனலிஸ்ட் பதவி கிடைப்பது அபூர்வம், பெரும்பாலும் டெஸ்டிங்கிலோ சப்போர்ட்டிலோதான் தொடங்க வேண்டியிருக்கும். இசிபிஏ (ECBA) என்ற, அனலிஸ்ட் வேலைக்கான தொடக்கநிலைச் சான்றிதழுக்கு முன் அனுபவம் கேட்பதில்லை, ஆனால் கட்டணம் டாலரில், அதனால் சம்பளம் வந்தபின் அவளே கட்டட்டும். நீங்கள் கடன் வாங்கக் கூடாது.

இந்த வாரம் கணக்குப்பிள்ளையோடு அவளை உட்கார வையுங்கள். கடையின் வட்டி விதிகளை முழுக்க எழுதி எனக்கு அனுப்பட்டும். எழுதும்போது அலுப்பு தட்டினால் வேறு வழி பார்ப்போம். அதுவரை அந்தக் கோயம்புத்தூர் கல்லூரிக்கு அட்வான்ஸ் கட்டாதீர்கள்.